கணினியின் 5.1 ஸ்பீக்கருக்கு வீட்டிலேயே ஒரு வொலியூம் பெட்டி

ஆறு பெட்டிகள் கொண்ட 5.1 ஸ்பீக்கர் தொகுதியில் முதலில் பழுதாவது பெரும்பாலும் ஸ்பீக்கர் அல்ல. மேசையில் வயரோடு கிடக்கும் அந்தச் சின்ன வொலியூம் பெட்டிதான். யாழ்ப்பாணத்துக் கடற்காற்றும் செம்மண் தூசியும் அதற்குள் புகுந்தால் அது அதிக காலம் தாங்காது. முதலில் குமிழைத் திருப்பும்போது கரகரக்கும். பிறகு பின் ஸ்பீக்கர் ஒன்று ஊமையாகும். கடைசியில் குமிழை ஒரு கோணத்தில் அழுத்திப் பிடித்தால்தான் பாட்டு வரும். சப்வூபரும் மற்ற ஐந்தும் நல்ல நிலையில் இருக்கும்போதே முழுத் தொகுதியையும் பழைய சாமானோடு போட்டுவிடுகிறார்கள். அதற்கு அவசியமில்லை. மூன்று மாறுந்தடையும் (குமிழைத் திருப்ப ஒலியைக் கூட்டிக் குறைக்கும் உறுப்பு) மூன்று நீட்டு வயரும் இருந்தால், இதுவரை ஈயமே பற்றவைத்துப் பார்க்காதவரும் ஒரு பிற்பகலில் இதைச் செய்து முடிக்கலாம். பெட்டிக்கு மின்சாரமும் தேவையில்லை.

ஆனால் வேலையில் இறங்குமுன் சிலவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகக் கூட்டிக் குறைப்பது மட்டும்தான் உங்கள் தேவை என்றால், விசைப்பலகையில் உள்ள ஒலிப் பொத்தான்களே போதும், பெட்டி வேண்டாம். முன், பின், நடு என்று தனித்தனியாக உடனே மாற்ற விரும்புகிறவருக்கும், கணினியில் ஒலியைக் குறைத்த பின்னும் பின்னணியில் இரைச்சல் அப்படியே நிற்கிறதே என்று அலுத்துக்கொள்பவருக்கும்தான் இது பயன்படும். கணினிக்குள் ஒலியைக் குறைத்தால் பாட்டு மட்டுமே குறையும். ஒலி அட்டையின் சொந்த இரைச்சல் குறையாமல், சப்வூபர் பெட்டிக்குள் இருக்கும் அம்ப்ளிபயருக்குப் போகும். வெளியே வயரில் வைத்துக் குறைத்தால் பாட்டோடு அந்த இரைச்சலும் சேர்ந்து குறையும்.

அடுத்து, உங்கள் தொகுதி எந்த வகை என்று பாருங்கள். பழைய வொலியூம் பெட்டியைக் கழற்றிவிட்டாலும் தொகுதி வேலை செய்கிறதா? செய்தால் இந்தக் கட்டுரை முழுவதும் உங்களுக்குப் பொருந்தும். சில தொகுதிகளில் பல ஊசிகள் கொண்ட ஒரு விசேட பிளக் மூலம் அந்தப் பெட்டி சப்வூபருடன் இணைந்திருக்கும்; அது இல்லாவிட்டால் அம்ப்ளிபயர் விழிக்கவே விழிக்காது. அப்படியானால் பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே இருக்கும் குமிழ் இரு முனைகளிலும் முட்டி நிற்கிறது என்றால் அது சாதாரண மாறுந்தடைதான். அதன் உடலில் எழுதியிருக்கும் பெறுமானத்திலேயே புதிதொன்றை வாங்கி மாற்றினால் வேலை முடிந்தது. முட்டாமல் சுற்றிக்கொண்டே போகிறது என்றால் அது கணினிச் சுட்டியின் சில்லுப் போன்ற இலக்கமுறைக் குமிழ். அதற்கு இந்த வழி சரிவராது.

எந்தப் பக்கத்தில் வைப்பது

புதியவர்கள் செய்யும் ஆபத்தான காரியம் ஒன்று உண்டு: அம்ப்ளிபயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் மாறுந்தடையை வைப்பது. ஒருபோதும் செய்யாதீர்கள். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 10 வாற்று போகும்போது அந்த வயரில் ஒன்றரை அம்பியருக்கு மேல் ஓடுகிறது. கடையில் வாங்கும் சின்ன மாறுந்தடை தாங்குவது கால் வாற்றுக்கும் குறைவு. புகை வரும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இன்றைய பல சிறிய அம்ப்ளிபயர்களில் ஸ்பீக்கரின் கறுப்பு வயர் நிலவயர் (சமிக்ஞை இல்லாத பொது வயர்) அல்ல. அதிலும் ஒலிச் சமிக்ஞை இருக்கும். அப்படிப்பட்ட இரண்டு கறுப்பு வயர்களை ஒன்றாகப் பிடித்துக் கட்டினால் அம்ப்ளிபயரே போய்விடலாம்.

நாம் வேலை செய்யப்போவது கணினிக்கும் அம்ப்ளிபயருக்கும் இடையிலுள்ள வயரில். அங்கே வருவது ஏறத்தாழ 1 வோல்ற்று. 10,000 ஓம் தடைக்குக் குறுக்கே அது செலுத்தும் மின்னோட்டம் 0.1 மில்லி அம்பியர் மட்டுமே. எதுவும் சூடாகாது, யாருக்கும் அடிக்காது. 230 வோல்ற்று இருப்பது சப்வூபர் பெட்டிக்குள். அதை இந்த வேலைக்காகத் திறக்கவே தேவையில்லை.

மாறுந்தடையின் வேலை, கிணற்று வாய்க்காலை மறித்துத் தண்ணீரில் ஒரு பங்கைப் பாத்திக்கும் மிகுதியை வெளியேயும் விடுவது போன்றது. அதற்கு மூன்று கால்கள். ஓர் ஓரக் காலில் சமிக்ஞை நுழைகிறது. மறு ஓரக் கால் நிலத்துக்கு, அதாவது நிலவயருக்குப் போகிறது. நடுக்கால் எந்த இடத்தில் நிற்கிறதோ அதற்கேற்ற பங்கு அம்ப்ளிபயருக்குக் கிடைக்கிறது.

வாங்க வேண்டியவை

5.1 என்றால் ஆறு ஒலித்தடங்கள். அவை கணினியிலிருந்து மூன்று வயர்களில் இரண்டிரண்டாக வருகின்றன: பச்சை முன் இடம், வலம்; கறுப்பு பின் இடம், வலம்; தோடம்பழ நிறம் நடு ஸ்பீக்கரும் சப்வூபரும். ஆகவே ஒரே தண்டில் இரண்டு தடைகள் சேர்ந்து திரும்பும் இரட்டை மாறுந்தடை மூன்று வேண்டும். ஆறும் ஒரே தண்டில் உள்ளதைத் தேடி அலையாதீர்கள். அது உள்ளூரில் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் ஆறு தடங்களும் ஒரே அளவில் குறைவதில்லை. மூன்று குமிழ் இருப்பது குறைபாடே அல்ல என்பது என் கட்சி. இரவு பத்து மணிக்குப் படம் பார்க்கும்போது வேலிக்கு அப்பால் போவது சப்வூபரின் அதிர்வுதான். நடிகர்களின் பேச்சு அல்ல. பின் ஸ்பீக்கரையும் தோடம்பழ நிறக் குமிழையும் கொஞ்சம் தணித்தால் அயலவரும் தூங்குவார், நீங்களும் படத்தைப் பார்த்து முடிப்பீர்கள். ஒரே குமிழில் அது நடக்காது. தோடம்பழ நிறக் குமிழைத் தணித்தால் நடு ஸ்பீக்கரின் பேச்சும் கூடவே தணியும்; சப்வூபரை மட்டும் பிரித்து அடக்க விரும்பினால், தோடம்பழ நிறத்துக்கு இரட்டைக்குப் பதிலாக இரண்டு ஒற்றை மாறுந்தடைகளைப் போடுங்கள். சப்வூபரின் பின்புறத்திலேயே அதற்கென ஒரு குமிழ் இருந்தால் அந்தச் செலவு வேண்டாம்.

பெறுமானம் 10 கிலோ ஓம். உடலில் 103 என்று இருக்கும். 10-க்குப் பின் மூன்று பூச்சியம் என்று பொருள். 503 என்பது 50 கிலோ ஓம், 104 என்பது 100 கிலோ ஓம். 100 கிலோ ஓமை வாங்காதீர்கள். நீண்ட வயரோடு சேரும்போது அது உயர்சுருதிகளை மழுங்கடிக்கும், இரைச்சலையும் எளிதில் வாங்கிக்கொள்ளும்.

எண்ணுக்கு முன்னால் நிற்கும் எழுத்தையும் பாருங்கள். இங்கே விற்கப்படும் ஆசியத் தயாரிப்புகளில் ஏ என்றால் மடக்கை வகை, பி என்றால் நேர்கோட்டு வகை. நமக்கு வேண்டியது ஏ. காது ஒலியை மடக்கை அளவில் உணர்கிறது. சமிக்ஞையைப் பாதியாக்கினால் குறைவது 6 டெசிபெல்தான், காதுக்கு அது பாதியாகவே தோன்றாது. நேர்கோட்டு வகையைப் போட்டால் குமிழைத் தொட்டவுடன் சத்தம் பாய்ந்து எழும்பும், மிகுதி முக்கால் சுற்றில் பெரிதாக எதுவும் நடக்காது. சில பழைய ஐரோப்பியத் தயாரிப்புகளில் இந்த எழுத்துகளின் பொருள் வேறு. எனவே மல்ரிமீற்றரால் அளந்து பார்ப்பதுதான் உறுதி: குமிழைச் சரிபாதியில் நிறுத்தி நடுக்காலுக்கும் இரு ஓரக் கால்களுக்கும் இடையே அளவுங்கள். இரு பக்கமும் ஏறத்தாழ 5 கிலோ ஓம் என்றால் நேர்கோட்டு வகை. ஒரு பக்கம் 1 முதல் 1.5 கிலோ ஓமும் மறுபக்கம் மிகுதியும் காட்டினால் மடக்கை வகை.

கடையில் பி மட்டும்தான் இருந்தால் வெறுங்கையோடு திரும்பாதீர்கள். ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு 1.5 கிலோ ஓம் தடையியை (பெறுமானம் மாறாத சிறு தடை) வாங்கி, நடுக்காலுக்கும் நிலக்காலுக்கும் இடையே பற்றவையுங்கள். பாதிச் சுற்றில் வெளியீடு 14 டெசிபெல் அளவுக்கு இறங்கும். காதுக்கு மடக்கை வகைபோலவே இருக்கும்.

யாழ் நகரில் ஸ்ரான்லி வீதி, கஸ்தூரியார் வீதிப் பக்கத்துக் கடைகளில் விசாரிக்கலாம். 'ஸ்ரீரியோ வொலியூம், 10 கே' என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். ஆனால் புதுக் கடைகளைவிடப் பழைய ரேடியோ திருத்துநரிடம் முதலில் போங்கள். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்ட ஊர் இது. அந்தக் காலத்தில் கை பழகியவர்கள் எதையும் எறிவதில்லை. கழற்றிய நல்ல மாறுந்தடைகள் அவர்களின் தகரப் பேணிகளில் கிடக்கும், எது நன்றாகத் திரும்பும் என்றும் விரலால் தொட்டுச் சொல்லிவிடுவார்கள். எங்கும் கிடைக்காவிட்டால் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு இருக்கிறது. போகிற யாரிடமாவது சொல்லிவிடலாம்.

வயருக்கு ஒரு சுருக்கு வழி உண்டு. சொக்கெட், பிளக் என்று தனித்தனியாக வாங்கிக் கஷ்டப்படாமல், ஒரு முனையில் பிளக்கும் மறுமுனையில் துளையும் உள்ள 3.5 மில்லிமீற்றர் ஸ்ரீரியோ நீட்டு வயர் மூன்று வாங்குங்கள். நடுவில் வெட்டினால் ஒரு பாதி கணினிக்கு, மறுபாதி ஸ்பீக்கர் வயருக்கு. பிளக்கில் இரண்டு கறுப்பு வளையங்கள் இருக்க வேண்டும். மூன்று வளையம் இருந்தால் அது மைக்கோடு கூடிய ஹெட்போனுக்கானது, விட்டுவிடுங்கள்.

மற்றவை: 25 முதல் 40 வாற்று சோல்டரிங் அயன், உள்ளே பிசின் உள்ள மெல்லிய ஈயக் கம்பி, மல்ரிமீற்றர், மூன்று குமிழ்கள், ஒரு பெட்டி. தகரவேலைக்குப் பாவிக்கும் அமிலத்தை இதற்குத் தொடவே வேண்டாம்; ஒரு மழைக்காலத்துக்குள் வயர் பச்சை பூத்து அறுந்துபோகும்.

பெட்டியிலிருந்து தொடங்குங்கள்

பலரும் ஈயத்திலிருந்து தொடங்கி, எல்லாம் பற்றவைத்து முடித்த பின் வயரைப் பெட்டியின் துளைக்குள் நுழைக்க வழியில்லாமல் நிற்பார்கள். ஆகவே பெட்டிதான் முதலில்.

பிஸ்கற் தகரப் பேணி சிறந்தது, ஏனென்றால் உலோகம் இரைச்சலை உள்ளே விடாது. இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியும் போதும். எதுவானாலும் தூசி புகாமல் மூடக்கூடியதாக இருக்கட்டும். முகப்பில் மூன்று துளைகள். 16 மில்லிமீற்றர் அகல மாறுந்தடைகளின் கழுத்துக்கு வழக்கமாக 7 மில்லிமீற்றர் துளை போதும், இருந்தாலும் வாங்கியதை அளந்த பின் துளையிடுங்கள். பிளாஸ்டிக்கில் துளைகருவி வெடிப்பை உண்டாக்கினால், சூடாக்கிய ஆணியால் சின்னத் துளை போட்டுக் கத்தி முனையால் அகட்டலாம். பின்பக்கத்தில் வயர்களுக்கு ஆறு துளைகள், அல்லது இரண்டு பெரிய துளைகள்.

மாறுந்தடையைப் பெட்டியில் பூட்டுமுன் ஒரு காரியம். தண்டு உங்களைப் பார்த்திருக்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடியுங்கள். இப்போது இடது ஓரக் கால் நிலம், நடுக்கால் வெளியீடு, வலது ஓரக் கால் உள்ளீடு. நிலக்காலுக்கு மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். இரட்டை வகையில் இரண்டு வரிசைக் கால்கள் இருப்பதால் இரண்டு புள்ளிகள். பூட்டிய பின் நீங்கள் பின்பக்கத்திலிருந்து பார்ப்பீர்கள், இடமும் வலமும் மாறித் தெரியும். புள்ளி இல்லாவிட்டால் குழம்பிப்போவது நிச்சயம். கழுத்தருகே ஒரு சிறிய உலோக நாக்கு நீட்டிக்கொண்டிருந்து பெட்டியில் படிய விடாமல் தடுத்தால் குறட்டால் பிடித்து ஒடித்துவிடலாம்.

வயர், ஈயம்

நீட்டு வயர்களை வெட்டி, வெட்டு முனைகளைப் பெட்டிக்குள் நுழையுங்கள். உள்ளே வந்ததும் ஒவ்வொன்றிலும் ஒரு முடிச்சுப் போடுங்கள். யாராவது காலில் தடக்கி இழுத்தாலும் பற்று அறாது. ஒவ்வொரு பாதியிலும் பச்சை, கறுப்பு, தோடம்பழம் என்று வண்ண ஒட்டுத்தாள் சுற்றுங்கள்.

வெளி உறையை இரண்டு விரற்கடை அளவு உரித்தால் உள்ளே மூன்று கம்பிகள் தெரியும். இரண்டு நிறமுள்ளவை சமிக்ஞை. சுற்றியோ தனியாகவோ வரும் மூன்றாவது நிலம். நிறத்தை நம்பாதீர்கள். மல்ரிமீற்றரைத் தொடர்ச்சி ஒலி நிலையில் வைத்து, பிளக்கின் அடிப்பகுதி உலோகத்தோடு எந்தக் கம்பி ஒலிக்கிறது என்று பாருங்கள், அதுதான் நிலம். இடம் எது, வலம் எது என்று கண்டுபிடிக்கத் தேவையே இல்லை. இரண்டு பாதிகளும் ஒரே வயரிலிருந்து வந்தவை. சிவப்பைச் சிவப்போடும் வெள்ளையை வெள்ளையோடும் சந்திக்க வைத்தால் தடங்கள் தாமாகவே சரியாக அமையும்.

மெல்லிய வயர்களில் ஒரு தொல்லை உண்டு. கம்பிகள் செம்பு, பச்சை, சிவப்பு நிறத்தில் மினுங்கும், பிளாஸ்டிக் உறை இருக்காது. அது வார்னிஷ் பூச்சு. அதன்மேல் ஈயம் ஒட்டியதுபோல் தெரியும், மின்சாரம் போகாது. அயன் முனையில் ஒரு சொட்டு ஈயத்தை உருக்கி வைத்துக்கொண்டு கம்பியின் நுனியை அதற்குள் சில விநாடி பிடியுங்கள்; பூச்சு எரிந்து நுனி வெள்ளியாக மாறும்.

ஈயத்தில் பழக்கமில்லாதவர் முதலில் வெட்டி எறிந்த வயர்த் துண்டுகளில் கை பழகுங்கள். முறை இதுதான்: கம்பி நுனியில் ஈயம் ஏற்றுங்கள், மாறுந்தடையின் காலிலும் தனியாக ஈயம் ஏற்றுங்கள், பிறகு இரண்டையும் ஒட்டவைத்து அயனால் தொடுங்கள். இரண்டு ஈயமும் உருகிச் சேர்ந்தவுடன் அயனை எடுத்துவிட்டு, ஆறும்வரை அசையாமல் பிடியுங்கள். மூன்று விநாடிக்கு மேல் காலைச் சூடாக்கினால் உள்ளிருக்கும் கார்பன் தடம் கெடும். நல்ல பற்று மினுங்கும். மங்கலாகச் சோற்றுருண்டைபோல் நின்றால் மறுபடி சூடாக்குங்கள். யன்னலைத் திறந்து வையுங்கள், வேலை முடிந்ததும் சோறு தொடுமுன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், ஈயம் நஞ்சு.

பச்சை வயரை எடுத்துக்கொள்வோம். கணினிப் பாதியின் சிவப்பு, முன் வரிசையின் உள்ளீட்டுக் காலுக்கு. ஸ்பீக்கர்ப் பாதியின் சிவப்பு, அதே வரிசையின் நடுக்காலுக்கு. வெள்ளைகள் இரண்டும் அதேபோலப் பின் வரிசைக்கு. இரு பாதிகளின் நிலக் கம்பிகளையும் ஒன்றாக முறுக்கி, புள்ளி வைத்த இரண்டு கால்களுக்கும் சேருங்கள். கறுப்புக்கும் தோடம்பழ நிறத்துக்கும் இதே வேலைதான்.

கடைசியாக மூன்று மாறுந்தடைகளின் உலோக உடல்களையும் ஒரு வெறுங்கம்பியால் தொடுத்து, பச்சை வயரின் நிலத்தோடு மட்டும் சேருங்கள். தகரப் பேணியானால் உடல்கள் பேணியின் வழியாகவே தொட்டுக்கொள்ளும். பேணியிலிருந்து பச்சையின் நிலத்துக்கு ஒரு கம்பி போதும். இதைச் செய்யாவிட்டால் குமிழில் விரல் வைக்கும்போதெல்லாம் 50 ஹேர்ட்ஸ் ரீங்காரம் கேட்கும்.

ஓடவிட்டுப் பார்ப்பது

கணினியில் இணைக்குமுன் மல்ரிமீற்றரால் ஒருமுறை சோதியுங்கள். குமிழ் முழுதாக வலப்பக்கம் இருக்கும்போது கணினிப் பிளக்கின் நுனியிலிருந்து நிலத்துக்கு ஏறத்தாழ 10 கிலோ ஓம் காட்ட வேண்டும். தடையி சேர்த்திருந்தால் இது 1.3 கிலோ ஓம் அளவில் இருக்கும். பூச்சியம் காட்டினால் எங்கோ ஈயம் வழிந்து இரண்டு கால்களை ஒட்டியிருக்கிறது.

சப்வூபரின் ஆளியை நிறுத்திவிட்டு வயர்களைச் செருகுங்கள். குமிழ்கள் மூன்றையும் பூச்சியத்துக்குக் கொண்டுவந்த பிறகு ஆளியைப் போடுங்கள். விண்டோஸின் ஒலி அமைப்பில் ஸ்பீக்கர் வகையை 5.1 என்று தெரிவுசெய்தால், ஒவ்வொரு ஸ்பீக்கர் படத்தையும் அழுத்தித் தனித்தனியாக ஒலிக்கச் செய்யலாம். கணினியின் பின்புறத்தில் மூன்றே துளைகள்தான் இருந்தால் பயப்பட வேண்டாம்: பல ரியல்டெக் ஒலி அட்டைகளில் 5.1 தெரிவுசெய்ததும் நீலத் துளை பின் ஸ்பீக்கருக்கும் இளஞ்சிவப்புத் துளை நடுவுக்கும் மாறிவிடும். மடிக்கணினியில் ஒரே துளைதான் என்றால் யு.எஸ்.பி. வகை 5.1 ஒலி அட்டை ஒன்று வேண்டும்.

கணினியின் ஒலியை உச்சத்துக்கு அருகில் நிரந்தரமாக வைத்துவிட்டு, நீங்கள் வழக்கமாக அமரும் கதிரையில் இருந்து சமப்படுத்துங்கள். முதலில் பச்சைக் குமிழ், வசனம் தெளிவாகும்வரை தோடம்பழம், கடைசியில் கறுப்பு. பின் ஸ்பீக்கர் தனியாகக் காதில் விழுந்தால் அது கூடிவிட்டது. சரியான இடத்தில் ஒவ்வொரு குமிழுக்கும் நேரே நகப்பூச்சால் ஒரு புள்ளி வையுங்கள். பிள்ளைகள் திருப்பி விளையாடினாலும் திரும்பக் கொண்டுவரலாம். மிகக் குறைந்த ஒலியில் இடமும் வலமும் கொஞ்சம் ஏற்றத்தாழ்வாக இருப்பது மலிவான இரட்டை மாறுந்தடைகளின் இயல்பு. குமிழ் எப்போதும் அடியிலேயே நிற்கிறது என்றால் கணினியின் ஒலியைச் சற்றுக் குறையுங்கள், குமிழ் நடுப்பகுதிக்கு வரும், வேறுபாடும் மறையும்.

கோளாறு வந்தால்

குமிழை இடப்பக்கம் திருப்ப ஒலி கூடுகிறதா? ஓரக் கால்கள் இரண்டும் மாறிவிட்டன. பூச்சியத்தில் வைத்தும் சத்தம் அடங்கவில்லையா? நிலக்காலின் பற்றுப் பிடிக்கவில்லை. இசை வருகிறது, பாடுகிறவரின் குரல் மட்டும் கிணற்றுக்குள் போனதுபோல் மறைகிறது என்றால் அந்த வயரின் நிலக் கம்பி முழுதாகவே அறுந்திருக்கிறது. பொது நிலம் இல்லாதபோது இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள வேறுபாடு மட்டும்தான் ஒலிக்கும். இரண்டிலும் சமமாக இருக்கும் குரல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒரு ஸ்பீக்கர் மட்டும் ஊமை என்றால் வார்னிஷ் பூச்சைத்தான் முதலில் சந்தேகியுங்கள்.

ரீங்காரம் விடாவிட்டால், மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். கழற்றியதும் நின்றால் குற்றம் சார்ஜர் பக்கத்தில். உங்கள் பெட்டியைப் பிரிக்காதீர்கள். நிற்கவில்லையென்றால் பெட்டியை மின்மாற்றிகளிடமிருந்தும் சப்வூபரின் பின்புறத்திலிருந்தும் தள்ளி வைத்துப் பாருங்கள்.

நாளடைவில் குமிழ் கரகரக்கத் தொடங்கினால், தொகுதியை நிறுத்திவிட்டு முழுச் சுற்றாகப் பலமுறை வேகமாகத் திருப்புங்கள். பெரும்பாலும் அதுவே போதும். போதாவிட்டால் மின்தொடுகைகளைச் சுத்தம் செய்யும் தெளிப்பானைக் கால்களுக்கு மேலுள்ள இடுக்கில் ஒரு முறை அடித்து, காயவிட்டுத் திருப்புங்கள். தேங்காய் எண்ணெயும் தையல் மெஷின் எண்ணெயும் அன்றைக்குக் கரகரப்பை நிறுத்தும், பிறகு தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு தடத்தை அராவிவிடும்.

மூன்று குமிழோடு இன்னொரு தலைமைக் குமிழும் வேண்டும் என்று பிறகு ஆசை வந்தால், பி.ரி. 2258 என்ற ஆறு தட மின்னணுச் சில்லை (ஐ.சி.) தேடுங்கள். பூச்சியத்திலிருந்து 79 டெசிபெல் வரை ஒவ்வொரு டெசிபெல்லாக ஆறு தடங்களையும் அது குறைக்கும். ஆனால் அதற்கு மின்வழங்கலும் கட்டளை கொடுக்க ஒரு நுண்கட்டுப்படுத்தியும் நிரல் எழுதத் தெரிந்த ஒருவரும் வேண்டும்.